சாக்கின் முத்திரையும் கோப்பின் வகையும்

2023ஆம் ஆண்டு. மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை எல்லோரும் நினைவுகூர்ந்துகொண்டிருந்த நேரம். ஹட்டனில் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தின் மூலையில் கிடந்த பழைய கணினியைத் திறந்து, அதில் இருந்தவற்றை ஒரு களஞ்சியத்தில் சேர்க்க உட்கார்ந்தோம். துண்டுப்பிரசுரங்கள், சம்பளப் பேச்சுவார்த்தைக் கடிதங்கள், தோட்டக் கமிட்டிப் பெயர்ப்பட்டியல்கள். உதவிக்கு வந்த இளைஞர் சில கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, இதெல்லாம் கெட்டுப்போன ஃபைல். இங்கிலீஷ்ல கண்டபடி கெடக்கு. அழிச்சிறவா?"

அவை கெட்டுப்போனவை அல்ல, பாமினியில் எழுதப்பட்டவை. யுனிகோட் பரவுவதற்கு முன் இலங்கையின் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் நீண்ட காலம் புழங்கிய எழுத்துரு அது. ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களை ஏற்றி வைப்பது அதன் முறை. பாமினியில் 'தமிழ்' என்று எழுதினால் கணினியில் பதிவது ஜே, கே, பீ, ஓ, ஓர் அரைப்புள்ளி என்ற ஐந்து பைட்டுகள். எழுத்துரு இருந்தால் தமிழ் தெரியும், இல்லாவிட்டால் குப்பை தெரியும். கோப்பின் உள்ளே 'நான் பாமினி' என்று சொல்லும் அடையாளம் எதுவும் கிடையாது.

அந்த இளைஞரின் கேள்வியைத்தான் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோப்பையும் பார்த்துக் கேட்கிறது: இது என்ன வகை, இதை நான் என்ன செய்யலாம்? நிரலாளர்களுக்கென்று பிறந்த இந்த மென்பொருள்கள் ஒரு கோப்பின் எல்லாப் பழைய பதிப்புகளையும் காத்து வைக்கின்றன. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்று காட்டுகின்றன. இருவர் தனித்தனியே செய்த திருத்தங்களை ஒன்றாக்குகின்றன. வரிவரியாக வேறுபாடு காட்டுவதா, வரியின் ஈற்றை இயங்குதளத்துக்கு ஏற்ப மாற்றுவதா, இரண்டு திருத்தங்களைத் தானாக இணைப்பதா என்ற முடிவுகள் எல்லாம் கோப்பின் வகையைப் பொறுத்தவை. வகையைப் பிழையாக எடுத்தால் கோப்பே சிதையலாம்.

தேயிலைத் தொழிற்சாலையில், 'ஸ்டோர்' என்று எங்கள் ஆட்கள் சொல்லும் இடத்தில், இதே கேள்விக்கு நெடுங்காலமாக விடை இருக்கிறது. உலர்ந்த தேயிலை சல்லடைகளில் ஓடித் துகளின் அளவுப்படி பிரிகிறது. பி.ஓ.பி. ஒரு பக்கம், பி.ஓ.பி.எஃப். ஒரு பக்கம், டஸ்ட் ஒரு பக்கம். ஆனால் சாக்கை யாரும் பெயரில்லாமல் கொழும்புக்கு அனுப்புவதில்லை. தோட்டத்தின் முத்திரைப் பெயர், தரம், இன்வொய்ஸ் எண், நிறை எல்லாம் வெளியே அச்சிட்டிருக்கும். 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் தரகர் மாதிரியைச் சுவைத்துப் பார்ப்பார்தான். ஆனாலும் சாக்கில் இருப்பது இன்னது என்று சொல்லும் பொறுப்பு அனுப்பியவருடையது. உள்ளடக்கம் ஒரு சான்று, பெயர் ஒரு சான்று, எழுதிக் கொடுத்த உறுதி மூன்றாவது சான்று. பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்களின் அரை நூற்றாண்டு வரலாறு இந்த மூன்றில் எதை நம்புவது என்ற தடுமாற்றத்தின் வரலாறு. என் கட்சி மூன்றாவது சான்றின் கட்சி. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராக்கைண்ட் எழுதிய எஸ்சிசிஎஸ், 1980களின் தொடக்கத்தில் வால்டர் டிக்கி எழுதிய ஆர்சிஎஸ் ஆகியவற்றின் கண்ணில் எல்லாக் கோப்பும் நிரல் உரைதான். அவற்றின் வழித்தோன்றலான சிவிஎஸ் படங்களையும் ஆவணங்களையும் சந்தித்தபோது சிக்கல் தொடங்கியது. விண்டோஸ் வரியின் முடிவை இரண்டு பைட்டுகளால் குறிக்கிறது, யுனிக்ஸ் ஒன்றால் குறிக்கிறது. சிவிஎஸ் எல்லாவற்றையும் உரை என்று எடுத்துக்கொண்டு அந்தப் பைட்டுகளை மாற்றியது. டாலர் குறிகளுக்கு நடுவே சில சொற்கள் வந்தால் அவற்றையும் விரித்து எழுதியது. ஒரு புகைப்படத்தை 'இது பைனரி, உரை அல்ல' என்று சொல்லாமல் சேர்த்தவருக்குப் படம் திரும்பி வரும்போது உடைந்து வந்தது. அந்தக் குறியைப் பின்னர் திருத்தலாம். ஆனால் குறி கோப்புக்கு ஒன்றுதான், பதிப்புக்கு ஒன்றல்ல. இன்று மாற்றினால் நேற்றைய பதிப்புகளுக்கும் அதுவே பொருந்திவிடும். கோப்பின் வரலாற்றைக் காக்கப் பிறந்த மென்பொருள் கோப்பு வகையின் வரலாற்றைக் காக்கவில்லை.

2004இல் முதல் முழுப் பதிப்பாக வந்த சப்வெர்ஷன் அந்தத் தவறைத் திருத்தியது. கேட்காமல் ஒரு பைட்டையும் தொடுவதில்லை என்பது அதன் இயல்புநிலை. வரியீறு, ஊடக வகை, பூட்டு தேவையா என்பவற்றைக் கோப்போடு ஒட்டிய பண்புகளாக, பதிப்போடு பதிப்பாகச் சேமித்தது. இது பெரிய முன்னேற்றம். ஆனால் பண்பு எழுதப்படாத புதிய கோப்பு வந்தால் அதுவும் ஊகிக்கத்தான் செய்தது. ஊகம் இப்படி நடக்கும்: முதல் 1,024 பைட்டுகளைப் பார், பூஜ்ஜிய மதிப்புள்ள பைட் ஒன்று இருந்தால் பைனரி, ஆஸ்கி, அதாவது அடிப்படை ஆங்கில எழுத்துகளும் குறிகளும், மிகக் குறைவாக இருந்தாலும் பைனரி.

இந்த ஊகத்தைத் தமிழில் வைத்துப் பாருங்கள். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள். 'தேயிலை' என்ற சொல்லில் ஆறு குறியீடுகள், ஆகவே 18 பைட்டுகள். அவற்றில் ஒன்றுகூட ஆஸ்கி அல்ல. சொல்லுக்குப் பின் வரும் வெற்றிடமும் எப்போதாவது வரும் புள்ளியும்தான் ஆஸ்கி. முழுத் தமிழ்ப் பக்கம் ஒன்றில் அவை நூற்றுக்கு ஐந்தாறு தேறும். ஆகவே சப்வெர்ஷனின் ஊகத்தில் முறையான யுனிகோட் தமிழ்க் கட்டுரை உரை அல்ல, பைனரி. அதன் இரண்டு பதிப்புகளுக்கு வேறுபாடு கேட்டால் காட்ட முடியாது என்று சொல்லிவிடும். அதே கட்டுரை பாமினியில் இருந்தால் பைட்டுகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளின் எண்கள். அதை நல்ல உரை என்று ஏற்றுக்கொள்ளும். சரியான கோப்பைத் தள்ளி, அடையாளமற்ற கோப்பைச் சேர்க்கிறது! எழுதியவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் மேசையில் இருந்த கோப்புகளில் தமிழ் இல்லை, அவ்வளவுதான். ஆனால் உள்ளடக்கத்தைப் பார்த்து ஊகிக்கும் எந்த விதியும் அதை எழுதியவரின் மேசையில் இருந்த கோப்புகளின் விதிதான் என்பதை இந்த ஓர் எடுத்துக்காட்டு காட்டிவிடுகிறது.

2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட் இந்த இடத்தில் தமிழுக்கு நல்லது செய்தது. வேறுபாடு காட்டும்போது முதல் 8,000 பைட்டுகளில் பூஜ்ஜியம் இருக்கிறதா என்று மட்டும் அது பார்க்கிறது. யூடிஎஃப்-8 தமிழில் பூஜ்ஜியம் வராது, ஆகவே தப்பிவிடுகிறது. அதே ஏப்ரலில் பிறந்த மெர்க்குரியலும் பூஜ்ஜியத்தையே தேடுகிறது. ஆனால் எக்செலில் 'யுனிகோட் உரை' என்று தேர்ந்து சேமித்த பட்டியல் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். அது யூடிஎஃப்-16. அதில் தமிழ் எழுத்துகளுக்குள் பூஜ்ஜியம் கிடையாது. சொற்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தின் இரண்டாவது பைட் பூஜ்ஜியம். தமிழ் எல்லாம் சரியாக இருக்க, முதல் இடைவெளியிலேயே அந்தப் பட்டியல் 'பைனரி' ஆகிவிடுகிறது.

கிட்டின் வடிவமைப்பில் நான் மதிக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. வேறுபாடு காட்டுவதற்கு ஓர் ஊகம், வரியீற்றை மாற்றுவதற்குச் சற்றுக் கடுமையான வேறோர் ஊகம் என்று இரண்டு வைத்திருக்கிறது. இரண்டாவது ஊகத்தில் பூஜ்ஜியம் மட்டுமல்ல, கட்டுப்பாட்டு எழுத்துகள் மிகுந்திருந்தாலும் அது கை வைக்காது. காரணம் தெளிவு. வேறுபாட்டைப் பிழையாகக் காட்டினால் பார்ப்பவருக்கு ஒரு நிமிட எரிச்சல், பைட்டை மாற்றினால் கோப்பே போயிற்று. பார்வைக்கு ஊகம் போதும், கை வைக்க ஊகம் போதாது. இந்தக் கட்டுரையில் ஒரு விதியை மட்டும் எடுத்துச் செல்வதென்றால் இதை எடுத்துச் செல்லச் சொல்வேன்.

ஊகம் போதாதென்றால் அறிவிப்பு வேண்டும். அந்த அறிவிப்பை எங்கே எழுதி வைப்பது? இதில்தான் மென்பொருள்கள் அதிகம் வேறுபடுகின்றன. 1995இல் தொடங்கிய பெர்ஃபோர்ஸில் நிர்வாகி ஒருவர் சேவையகத்தில் ஒரே அட்டவணையை வைத்திருப்பார்: இந்தப் பின்னொட்டு உரை, இது யூடிஎஃப்-16, இது ஒருவர் திறந்தால் மற்றவர் தொட முடியாதது. துரை பங்களாவிலிருந்து வரும் கட்டளை மாதிரி எல்லாருக்கும் ஒன்றுதான். சப்வெர்ஷனில் புதிய கோப்புகளுக்கான விதிகள் முதலில் ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியே இருந்தன. என் கணினியில் விதி உண்டு, உங்கள் கணினியில் இல்லை என்றால் ஒரே களஞ்சியத்தில் ஒரே வகைக் கோப்பு இரண்டு விதமாகச் சேரும். 2013இல் வந்த 1.8 பதிப்பில்தான் அந்த விதிகளைக் களஞ்சியத்துக்குள்ளேயே வைக்க வழி கிடைத்தது.

கிட்டும் அதே பாதையில் நடந்தது. விண்டோஸில் அதை நிறுவும்போது வரியீற்றை எப்படி மாற்றட்டும் என்று ஒரு கேள்வி வரும். அங்கே கொடுக்கும் பதில் அந்தக் கணினியோடு நின்றுவிடும். இருவர் வெவ்வேறு பதில் கொடுத்திருந்தால் ஒரு எழுத்தும் மாறாத கோப்பு முழுவதும் மாறியதாகக் காட்டப்படும். இதனால் வீணான மாலைகளை எண்ணி முடியாது. 2007இலிருந்து கிட்டில் இதற்கு மருந்து இருக்கிறது: கிட்ஆட்ரிபியூட்ஸ் என்ற கோப்பு. களஞ்சியத்துக்குள்ளேயே இருப்பது, கோப்புகளோடு பயணிப்பது, அதற்கும் பதிப்பு வரலாறு உண்டு. ஒரு வரியில் பெயர் வடிவம், பக்கத்தில் பண்புகள். 'இந்த அடைவில் உள்ளவை உரை', 'இந்தப் பின்னொட்டை மாற்றாதே' என்று எழுதலாம். 2018இலிருந்து 'இது யூடிஎஃப்-16, உள்ளே யூடிஎஃப்-8 ஆகச் சேமி' என்றும் சொல்லலாம். மெர்க்குரியலின் வரியீற்றுக் கோப்பும் இந்த வகைதான்.

குறை இல்லாமல் இல்லை. பழைய பதிப்புகள் இரண்டை ஒப்பிடும்போது கிட் பொதுவாக அன்றைய பண்புக் கோப்பைப் பார்ப்பதில்லை, இன்று கையில் இருக்கும் பண்புக் கோப்பையே பார்க்கிறது. வேறு பதிப்பிலிருந்து பண்புகளைப் படிக்கச் சொல்லும் வழி பிற்பாடுதான் வந்தது. இன்னொரு குறை எங்கள் மொழிக்கே உரியது. பண்புகள் பெயர் வடிவத்தால் மட்டுமே பொருந்துகின்றன, பெயர் என்பது பைட்டுகள். 'தோட்டம்' என்று ஒரு அடைவுக்குப் பெயரிட்டால் அதில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டு குறியீடாகவும் எழுதலாம். யுனிகோட் இரண்டையும் சமம் என்கிறது. திரையில் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பைட்டில் ஒன்று 21, மற்றது 24. பழைய மேக் கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்தே எழுதும். 2012இல் கிட் மேக்குக்கென்று ஒரு சேர்ப்பு அமைப்பைக் கொண்டுவந்தது. ஆனால் பெயரைத் தட்டச்சு செய்தவரே பிரித்து எழுதியிருந்தால் 'தோட்டம்' என்ற விதி 'தோட்டம்' என்ற அடைவுக்குப் பொருந்தாமல் போகும். இதற்கு என்னிடம் நல்ல விடை இல்லை. விதியைப் பின்னொட்டின் மேல் எழுதுங்கள், பெயரின் மேல் எழுதாதீர்கள் என்பது வரைதான் என் அனுபவம் சொல்கிறது.

பின்னொட்டு மட்டும் நம்பத்தக்கதா? ஒரே பின்னொட்டு மேட்லாப் நிரலுக்கும் ஆப்ஜெக்டிவ்-சி நிரலுக்கும் உண்டு. சிஎஸ்வி என்று முடியும் கோப்பு எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது என்று அந்த மூன்று எழுத்துகள் சொல்வதில்லை. கிட்ஹப் தளத்தின் லிங்குவிஸ்ட் பின்னொட்டு, முதல் வரி, சொற்களின் நிகழ்தகவு என்று படிப்படியாக ஊகிக்கிறது. ஊகம் பிழைத்தால் அதே கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் உரியவர் திருத்தி எழுதலாம் என்று விட்டிருப்பது நல்ல ஏற்பாடு. 2024இல் கூகுள் வெளியிட்ட மேஜிக்கா நரம்பு வலையமைப்பால் வகையைக் கண்டுபிடிக்கிறது. அஞ்சலில் வரும் இணைப்புகளைச் சோதிக்க அது பயன்படும். பதிப்புக் கட்டுப்பாட்டுக்கு வேண்டாம் என்பேன். மாதிரி புதுப்பிக்கப்பட்டால் விடை மாறும். நேற்று உரை என்று சேர்ந்த கோப்பு இன்று வேறாகத் தெரிந்தால் வரலாற்றுக்கு அர்த்தம் ஏது?

வகை என்பது உரையா பைனரியா என்பதோடு முடிவதும் இல்லை. இதை எனக்கு உணர்த்தியது செக்ரோல். தோட்டத்தில் யாருக்கு அன்று பேர், அதாவது நாட்கூலி, விழுந்தது, கொழுந்து நிறை குறைந்ததால் யாருக்கு அரைப்பேர் என்று எழுதும் ஏடு. அதை ஒரு சிஎஸ்வி கோப்பாக வைத்திருக்கிறோம் என்று கொள்ளுங்கள். கணக்கப்பிள்ளை ஒரு தொழிலாளிக்கு முழுப்பேர் என்று திருத்துகிறார். அதே நேரம் அலுவலகத்தில் ஒருவர் அரைப்பேர் என்று திருத்துகிறார். கிட் சாதாரணமாக இதை மோதல் என்று நிறுத்தி, மனிதரைக் கேட்கும். ஆனால் 'யூனியன்' என்ற இணைப்பு முறையைப் பண்பாக எழுதி வைத்திருந்தால் இரண்டு வரியையும் சத்தமில்லாமல் வைத்துக்கொள்ளும். அந்த ஆளுக்கு அன்று ஒன்றரைப் பேர். மாற்றக் குறிப்புகளுக்கு, நாட்குறிப்புகளுக்கு நல்ல முறை அது, சம்பளத்துக்கு ஆகாது. இரண்டும் உரைதான், பைட் அளவில் ஒன்றுதான். வேறுபாடு அந்த ஏட்டின் பயனில் இருக்கிறது. எந்தச் சல்லடையும் அதைப் பிரித்தெடுக்காது.

அதே செக்ரோல் எக்செல் கோப்பாக இருந்தால் அது உண்மையில் ஒரு சிப் பொதி. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தபோது ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றியிருப்போம். களஞ்சியமோ 'பைனரிக் கோப்புகள் வேறுபடுகின்றன' என்று மட்டும் சொல்லும். எந்த எண், யார் மாற்றியது என்பதுதானே தொழிலாளிக்கு வேண்டியது! இப்படிப்பட்ட கோப்புகளுக்கு இரண்டு வழி. ஒன்று பூட்டு: சப்வெர்ஷன் 2005இலேயே பூட்டும் வசதி தந்தது. மற்றது பார்வை மாற்றி: வேறுபாடு காட்டும்போது மட்டும் கோப்பை ஒரு நிரல் வழியாக உரையாக்கிக் காட்டுவது. கோப்பின் பைட் ஒன்றும் மாறாது.

எங்கள் பாமினிக் கோப்புகளைக் காப்பாற்றியது இந்த இரண்டாவது வழிதான். யுனிகோடுக்கு உடனே மாற்றியிருந்தால் எல்லா வரியும் ஒரே நாளில் மாறியதாக வரலாறு சொல்லும், மாற்றியின் பிழைகளும் மூலத்தில் ஏறிவிடும். மூலத்தைத் தொடாமல், பாமினியை யுனிகோடாக்கும் சிறு நிரலைப் பார்வை மாற்றியாக வைத்தோம். கடிதத்தின் பழைய வரைவுக்கும் புதிய வரைவுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் இப்போது தமிழில் தெரிகிறது.

இதைச் செய்தபோது கிட்டின் ஒரு பிரிவினை புரிந்தது. 'இந்தக் கோப்பு பாமினி' என்ற அறிவிப்பு களஞ்சியத்துக்குள் பயணிக்கும். 'பாமினி என்றால் இந்த நிரலை ஓட்டு' என்ற கட்டளை பயணிக்காது. அதை ஒவ்வொருவரும் தன் கணினியில் எழுதிக்கொள்ள வேண்டும். முதலில் தொல்லையாகத் தோன்றியது. யோசித்தால் சரி. யாரோ ஒருவரின் களஞ்சியத்தை நகலெடுத்த உடனே அதில் எழுதியிருக்கும் நிரல் நம் கணினியில் ஓடலாம் என்றால் திருடனுக்குத் திறவுகோல் கொடுத்ததாகும். அடையாளம் களஞ்சியத்துடையது, கட்டளை ஆளுடையது. இந்தக் கோட்டை அழிக்கக் கேட்கும் யோசனைகளை நான் ஏற்பதில்லை.

அடையாளத்துக்கு ஒரு பெயர் வேண்டும் அல்லவா? அங்கேதான் பாமினி அநாதை. தமிழுக்கான டிஸ்கி குறியாக்கம் 2007இல் உலகக் குறியாக்கப் பட்டியலில் பதிவானது. லினக்ஸில் உள்ள மாற்றிக்கும் அந்தப் பெயர் தெரியும். பாமினியோ எழுத்துரு மட்டும். பெயர் சொல்லிக் கேட்டால் பொதுவான குறியாக்க மாற்றிகளுக்குத் தெரியாது. இலங்கையின் கணிசமான தமிழ்க் கோப்புகள் கணினியின் கண்ணில் பெயரற்றவையாகக் கிடப்பதற்கு இதுவே காரணம். பாமினிக்கான முழு எழுத்து அட்டவணையை ஒரு நிறுவனம் அதிகாரபூர்வமாக வெளியிட்டுப் பதிவு செய்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

மென்பொருள் எழுதுவோரிடம் நான் கேட்பது இவ்வளவே. எழுதப்பட்ட அறிவிப்பை முதலில் நம்புங்கள். அது இல்லாதபோது மட்டும் ஊகியுங்கள், ஊகித்ததை ஊகம் என்று பயனருக்குச் சொல்லுங்கள். ஊகத்தின் பேரில் பைட்டை மாற்றாதீர்கள். வகையோடு குறியாக்கத்தையும் கேளுங்கள்.

மலையகத்தின் வீடுகளிலும் அலுவலகங்களிலும் கிடக்கும் பழைய கணினிகளைத் திறக்கப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு சொல். எதையும் சேர்ப்பதற்கு முன், முதல் பதிவாகப் பண்புக் கோப்பை எழுதுங்கள். பாமினிக் கோப்புகளுக்குத் தனிப் பின்னொட்டு கொடுங்கள், மாற்றாதே என்று குறியுங்கள். சம்பள ஏடுகளைத் தானாக இணைக்க விடாதீர்கள். ஆங்கிலத்தில் கண்டபடி கிடக்கும் கோப்பைக் கண்டால் அழிக்காதீர்கள். பாமினி எழுத்துருவைப் போட்டு ஒருமுறை திறந்து பாருங்கள்.